கரகம் திரும்பும் இடம்

இந்த நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்று அண்ணி கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்து ஆண்டு விழா அறிக்கை முதல் என் பணி ஓய்வு நாள் உரை வரை, நான் எழுதிய எதையும் அண்ணன் பார்க்காமல் வெளியே விட்டதில்லை. சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் கேள்விக்குறி போட்டுத்தான் திருப்பித் தருவார். இது ஒன்றுதான் அவர் கண்ணில் படாமல் அச்சேறுகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொய் இருக்காது, அதற்கு நான் உறுதி.

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்களில் சிலருக்கு அவர் பத்திரிகைக்காரர். சிலருக்கு மாநகராட்சிக் கார்ப்பரேட்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொப்பி போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டிய பெரியவராக மட்டும் அறிந்தவர்களும் உண்டு. மூன்று பேரையும் ஒரே வீட்டில் வைத்துக் காப்பி போட்டுக் கொடுத்தவர் அண்ணி. மூன்று பேரிடமும் சண்டை போட்டவள் நான். ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ஜீவனஹள்ளியில். எங்கள் அப்பா குடியாத்தத்திலிருந்து மில் வேலைக்கு இந்த ஊருக்கு வந்தவர். ஒரே அறை வீடு, எதிரே கன்னடம், பக்கத்தில் உருது, பின்னால் தெலுங்கு. அண்ணனுக்குச் சண்டை போடக் கன்னடமும் கெஞ்சத் தமிழும் வரும் என்று அம்மா சொல்லிச் சிரிப்பார். அவர் பி.யு.சி. முடித்த ஆண்டில் அப்பா தவறிவிட்டார். கல்லூரியில் இடம் கிடைத்திருந்தும் போகவில்லை. ஒரு தமிழ் மாலைப் பத்திரிகையில் பிழை திருத்தும் வேலைக்குச் சேர்ந்தார். என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பிப் படிக்க வைத்தவர் அவர்தான். அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. நானாகப் பேச்செடுத்தாலும், "அத வுடு பாப்பா, காரமா எதனா சாப்ட இருக்கா?" என்று பேச்சை மாற்றிவிடுவார். ஐம்பது வயதுக்கு மேலும் நான் அவருக்குப் பாப்பாதான்.

பிழை திருத்துபவராக இருந்தவர் சில ஆண்டுகளில் நிருபர் ஆனார். அப்போது பிடித்துக்கொண்ட ஒரு கேள்வி கடைசிவரை அவரை விடவில்லை. யார் எதைச் சொன்னாலும், "நீ போய்ப் பார்த்தியா?" என்பார். இன்ன தெருவில் தீப்பிடித்ததாம் என்று ஆபீசுக்கு ஒருவர் ஓடிவந்தால் இதே கேள்வி. மாவு புளித்துவிட்டது என்று அண்ணி சொன்னாலும் இதே கேள்வி. உறவில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பையன் பெரிய கம்பெனியில் இருக்கிறான் என்று சொன்ன சித்தப்பாவிடம் எல்லார் முன்னிலையிலும் இதையே கேட்டதில், சித்தப்பா ஓராண்டு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. போய்ப் பார்த்தபோது கம்பெனி பெரியதுதான். பையன்தான் அங்கே இல்லை.

தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் வந்தபோது இந்தக் கேள்விக்கு உயிர் விலை இருந்தது. தமிழர் வீடுகள் இருந்த பகுதிகள் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தன. வதந்திக்கு மட்டும் ஊரடங்கு இல்லை. ஒரு தெருவையே கொளுத்திவிட்டார்கள் என்று ஒரு நாள் செய்தி பரவி, பதிலுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று எங்கள் பக்கத்துப் பையன்கள் கிளம்பி நின்றார்கள். அண்ணன் தன் நண்பர் வெங்கடேசப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்கு நடந்தே போனார். வெங்கடேசப்பா ஓய்வுபெற்ற கன்னடப் பள்ளி ஆசிரியர். நாங்கள் எல்லாரும் அவரை மேஷ்ட்ரு என்போம். இரண்டு பேரும் போய்ப் பார்த்து, அங்கே ஒரு குடிசைகூட எரியவில்லை என்று வந்து சொன்னார்கள். பையன்கள் நம்பத் தயாராக இல்லை. அண்ணன் அவர்களில் ஒருவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுபடியும் போய்க் காட்டிவிட்டு வந்தார். வேறு தெருக்களில் நிஜமாகவே நடந்தவற்றையும் அவர் அதே வாரம் எழுதினார், ஒன்றையும் மறைக்கவில்லை. இரண்டு தரப்பிலும் திட்டு வாங்கினார். திட்டு சரிசமமாக வந்தால் செய்தி சரியாக இருக்கிறது என்று அர்த்தம் என்பது அவர் கணக்கு.

அந்தக் கலவரத்துக்குப் பிறகுதான் அண்ணனுக்கு ஊர் வரலாற்றில் பைத்தியம் பிடித்தது. யார் முதலில் வந்தது, யார் பிறகு வந்தது என்று எல்லாரும் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்களே, யாராவது போய்ப் பார்த்தார்களா என்று ஆரம்பித்தார். தன் பத்திரிகையில் வாரம் ஒரு கட்டுரை, ஒரு வாரத்துக்கு ஒரு தெரு. அவர் வேலை செய்யும் முறை எளிமையானது. கல்வெட்டு, கல்லறை, கோயில் மணி என்று எதையாவது பிடித்துக்கொண்டு, அதைப் பற்றி முதலில் தமிழ் வீட்டில் கேட்பார். பிறகு கன்னட வீட்டில் கேட்பார். இரண்டும் ஒத்துப்போனால் எழுதுவார், ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவதாக உருது வீட்டுக்குப் போவார். இப்படி வீடு வீடாகக் காப்பி குடித்தே அவருக்கு வயிற்றுப்புண் வந்தது என்பது அண்ணியின் புகார்.

அப்படி எழுதிய கட்டுரைகளில் ஒன்றுதான் அவர் வாழ்க்கையையே திருப்பியது.

நீலசந்திராவுக்கு ஒட்டினாற்போல் கங்கம்மா காலனி என்று ஒரு குடியிருப்பு. கொத்து வேலை, பெயிண்டிங், வீட்டு வேலை, பூ வியாபாரம் செய்யும் தமிழ்க் குடும்பங்கள். காலனியின் மேல் முனையில் ஒரு சின்ன அம்மன் கோயில். ஆடி மாதத்தில் கரகம் எடுப்பார்கள். கரகம் கோயிலிலிருந்து கிளம்பித் தெருவோடு இறங்கி வரும். கீழ் முனையில் மேட்டு ரோடு குறுக்கே போகிறது. அந்த மேட்டுக்கு அடியில், சைக்கிள் கடை எதிரே உள்ள விளக்குக் கம்பத்தருகே கரகம் நின்றுவிடும். பெண்கள் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தார் ரோட்டில் ஊற்றுவார்கள். கரகம் திரும்பிக் கோயிலுக்குப் போய்விடும். ஏன் அங்கே நிற்கிறது, ஏன் ஊற்றுகிறீர்கள் என்றால், எப்பவும் அப்படித்தான் என்பார்கள்.

அண்ணனுக்கு இந்தப் பதில் போதவில்லை. காலனியில் கேட்டு முடித்துவிட்டு மேஷ்ட்ருவிடம் போனார். மேஷ்ட்ருவின் குடும்பம் இந்தப் பக்கம் வயல் வைத்திருந்த குடும்பம். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். அங்கே ஒரு ஏரி இருந்தது, நான் நீச்சல் பழகியதே அதில்தான் என்றார். மேட்டு ரோடுதான் ஏரியின் கரை. கம்பம் நிற்கும் இடத்தில் மதகு இருந்தது. ஊர்க் குப்பையையும் இடிந்த கட்டிடங்களையும் கொட்டிக் கொட்டி ஏரியைத் தூர்த்தார்கள். அந்தக் குப்பை வண்டிகளோடு வந்த ஆட்கள் அங்கேயே குடிசை போட்டுக்கொண்டார்கள். அவர்களின் பிள்ளைகள்தான் இன்றைய காலனி. ஏரி தூர்ந்து முடியாத நாளில் அம்மன் தண்ணீரில் இறங்கிய இடத்துக்கே இன்றும் போகிறாள். ஏரி போய்விட்டது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

அண்ணன் இதை மிகுந்த பெருமையோடு எழுதினார். கரை எங்கே, மதகு எங்கே, தண்ணீர் எதுவரை நின்றது என்று கையால் ஒரு படமும் வரைந்து போட்டார். கட்டுரை கன்னடத்திலும் வந்தது. காலனிக்காரர்கள் பத்திரிகையைக் கத்தரித்துக் கோயில் சுவரில் ஒட்டினார்கள்.

சில ஆண்டுகள் கழித்து மாநகராட்சித் தேர்தல் வந்தபோது, அண்ணன் நிற்க வேண்டும் என்று முதலில் கேட்டதே இந்தக் காலனிதான். கட்சி இல்லை, பணமும் இல்லை. சின்னம் தையல் மெஷின். பிரச்சாரத்துக்குப் போன இடத்தில், அந்தத் தெருவுக்குப் பெயர் எப்படி வந்தது என்று சொல்ல ஆரம்பித்து, ஓட்டுக் கேட்கவே மறந்து திரும்பிவந்த வேட்பாளரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தன் சுவரொட்டியில் ஒற்றுப்பிழை இருக்கிறது என்று ஒட்டியதையெல்லாம் பேனாவும் கையுமாகத் தேடிப்போய்த் திருத்தினார். ஆனாலும் ஜெயித்தார். மக்களுக்கு ஒரு மாறுதல் வேண்டியிருந்தது என்று அவரே சொல்லிக்கொண்டார்.

பதவியேற்று இரண்டாவது ஆண்டு என்று நினைக்கிறேன். காலனியில் இருந்த எல்லா வீடுகளுக்கும் ஓர் அரசு அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. இது ஏரி நிலம், ஆக்கிரமித்திருக்கிறீர்கள், காலி செய்யுங்கள் என்று. அந்த இடத்தில் ஒரு தனியார் நிறுவனம் வணிக வளாகம் கட்டப்போவதாகப் பேச்சு. ஏரி இருந்ததற்கு ஆதாரம் என்ன? அண்ணனின் கட்டுரை, கையால் வரைந்த படத்தோடு. அண்ணன் பதறிப்போய் அந்த அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி மரியாதையாக நாற்காலி போட்டுவிட்டு, கோப்பிலிருந்த கட்டுரையைத் திருப்பிக் காட்டி, "நீவே பர்தித்தீரல்லா சார்" என்றாராம். நீங்களே எழுதியதுதானே என்று.

அன்று மாலையே கோயில் வாசலில் காலனி முழுவதும் கூடியது. அண்ணியும் நானும் போயிருந்தோம். கூட்டத்துக்குப் பேச்சாளர் தனலட்சுமி. விவேக் நகர் கோயில் வாசலில் வியாழக்கிழமைகளில் பூ விற்பவர். அவர் பேசினால் ரோட்டில் போகிற பஸ் நின்று கேட்கும். தேர்தலில் அண்ணனுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவரும் அவர்தான்.

"சார், ஏரி இருந்துச்சின்னு நீங்கதான் எழுதுனீங்க. இல்லன்னு நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க. பேப்பர்ல தப்பு வர்றது இல்லியா?"

கூட்டம் அப்படியே ஆமோதித்தது. அதில் தவறென்ன? ஒரு மறுப்பு, நாலு வரி. பத்திரிகையில் தினமும் வருகிற சங்கதி. நோட்டீசுக்கு வேறு ஆதாரமே இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

"வரும்மா. நான் எழுதுனதுல தப்பு வந்திருந்தா மன்னிப்புக் கேட்டுருவேன். இதுல வரல," என்றார் அண்ணன்.

"அப்ப எங்க வூடு?"

"ஏரி இல்லன்னு சொல்லி உங்க வூட்ட காப்பாத்த எனக்கு வழி தெரியல. இருந்துச்சின்னு சொல்லித்தான் காப்பாத்தணும். கொஞ்ச நாள் குடுங்க."

யாரும் கை தட்டவில்லை. ஒரு பெரியவர் எழுந்து, வீட்டை விட இவருக்கு எழுத்துதான் பெரிசு என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அண்ணனை வறுத்தெடுத்தேன். உன்னை நம்பி ஓட்டுப் போட்டவர்கள் நடுத்தெருவில் நிற்கப்போகிறார்கள், உனக்கு உன் கட்டுரை பெரிதா என்று கேட்டேன். கோபத்தில் கேட்டாலும் சரியான கேள்விதான், இன்று கேட்கச் சொன்னாலும் கேட்பேன். அவர் கேட்டுக்கொண்டே நடந்தார். பிறகு சொன்னார்: "ஒவ்வொரு மழைக்கும் அந்தத் தெருவுல இடுப்பளவு தண்ணி நிக்குதே, அது எங்கேருந்து வருது பாப்பா? ஏரி இல்லன்னு நான் எழுதிக் குடுத்துட்டா, தண்ணிக்கு வழி வுடுன்னு நாளைக்கு யாரைப் போய்க் கேக்கிறது? வூடு இருந்தும் முங்கிச் சாவணும்."

அதை நான் யோசித்திருக்கவில்லை. ஏரி போனாலும் தண்ணீர் தன் இடத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. மேட்டு ரோடு குறுக்கே அடைத்துக்கொண்டிருந்ததால் வந்த தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. மழை பெய்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடுவதுதான் காலனியின் வழக்கமாக இருந்தது.

அடுத்த வாரம் அண்ணன் நோட்டீஸ் கொடுத்த அதிகாரியையும், அந்த நிறுவனத்தின் ஆளையும், இரண்டு நிருபர்களையும் காலனிக்கு அழைத்தார். அழைத்த விதத்தைப் பார்த்து அவர் தோல்வியை ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று நினைத்து எல்லாரும் வந்துவிட்டார்கள். விளக்குக் கம்பத்தருகே நின்று, "ஏரி இருந்தது. நான் எழுதினதுல ஓர் எழுத்து மாத்த வேண்டியதில்ல. வாங்க, கரையோட நடந்து பார்க்கலாம்," என்றார். மேஷ்ட்ரு ஊன்றுகோலோடு முன்னால் நடந்தார்.

நடக்க நடக்கத்தான் விஷயம் புரிந்தது. ஏரி என்றால் காலனியோடு முடிகிற ஏரி அல்ல. மேஷ்ட்ரு ஒவ்வோர் இடத்திலும் நின்று, இங்கே ஆலமரம், இங்கே துணி துவைக்கிற கல் என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே போனார். கரை, கல்யாண மண்டபத்தைச் சுற்றி வந்தது. புதிதாகக் கட்டியிருந்த அடுக்குமாடி வீடுகளை வளைத்துக்கொண்டு போனது. அந்த நிறுவனமே கட்டி விற்ற வீடுகள் அவை. கடைசியில் வார்டு ஆபீசின் பின் சுவரில் போய் முடிந்தது. வார்டு ஆபீஸ் முழுதாக ஏரிக்குள் இருந்தது. அண்ணன் அங்கே தன் அறை ஜன்னலைக் காட்டினார். ஏரிக்குள் இருப்பவர்கள் காலி செய்ய வேண்டும் என்றால் முதல் ஆளாக நான் காலி செய்கிறேன், அடுத்து கல்யாண மண்டபம், அதற்கடுத்து அடுக்குமாடி, கடைசியில் காலனிக்கு வாருங்கள் என்றார். குரல் உயரவே இல்லை. நிறுவனத்தின் ஆள் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி மேஷ்ட்ருவிடம் ஆலமரம் எந்த வருடம் விழுந்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் இரண்டு பத்திரிகைகளிலும் அண்ணன் வரைந்த படம் வந்தது. இந்த முறை முழு ஏரியும். அதற்குப் பிறகு அந்த நோட்டீசைப் பற்றி யாரும் பேசவில்லை. காலனி அன்று அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. தனலட்சுமி ரோஜா மாலை கட்டிக்கொண்டு வந்தார். இந்தக் கட்டுரையை இங்கே முடித்திருந்தால் எல்லாருக்கும் திருப்தியாக இருக்கும். அண்ணனுக்கு அந்த மாதிரி முடிவுகளில் நாட்டம் கிடையாது.

அவர் மறுநாளே கால்வாய் வேலையில் இறங்கினார். ஏரி இருந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள், அப்படியானால் மதகு எங்கே, தண்ணீருக்கு வழி எங்கே என்று கேட்டுக் கேட்டு ஒவ்வோர் ஆபீசாக ஏறினார். மேட்டு ரோட்டைத் துளைத்து, பழைய மதகு இருந்த அதே இடத்தில் குழாய் பதித்து, அப்பாலுள்ள பெரிய கால்வாயில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பதவிக்காலம் முடிய இருக்கும்போதுதான் அனுமதி கிடைத்தது. அடுத்த தேர்தல் கண்ணுக்குத் தெரிகிற தூரம்.

இங்கேதான் சிக்கல். தெரு நெடுகக் கால்வாய் தோண்ட வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் வீட்டு வாசல்படிகளை உடைக்க வேண்டும். சில வீடுகளில் தெருவை ஒட்டிக் கட்டிய குளியலறையும் போகும். தேர்தல் முடியட்டும், பிறகு தோண்டலாம் என்று அண்ணனுக்கு வேண்டியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். தேர்தல் நமக்காகக் காத்திருக்கும், மழை காத்திருக்காது என்றார். தேர்தல் காத்திருக்காது என்பதும் அவருக்குத் தெரியும். தனலட்சுமியின் வாசல்படி உடைபட்ட அன்று அண்ணன் அங்கேயே நின்றிருந்தார். மாலை கட்டி வந்த அதே தனலட்சுமி எல்லார் முன்னிலும் கேட்டார்:

"ஓட்டு கேட்டு வந்தப்ப இந்தப் படியிலதான உக்காந்து மோர் குடிச்ச? இப்ப அதையே ஒடச்சிட்டியே. ஒனக்கு இனிமே எங்க வூட்டு ஓட்டு இல்ல."

"சரிம்மா," என்றார் அண்ணன்.

கால்வாய் தேர்தலுக்கு முன்பே முடிந்தது. காலனிக்காரர்கள் சொன்னபடியே செய்தார்கள். கங்கம்மா காலனி மொத்தமும் எதிர் வேட்பாளருக்குப் போட்டது. அண்ணன் தோற்றார், அதுவும் சிறிய தோல்வி அல்ல. முடிவு வந்த அன்று அண்ணி அழுதார். தோற்றதற்காக அல்ல, அந்தக் காலனிக்காரர்கள் செய்ததற்காக. அண்ணி தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் வீட்டில் பிறந்தவர், லேசில் அழுகிறவர் அல்ல. அண்ணன் ஷேவ் செய்துகொண்டே, "படியை ஒடச்சா கோபம் வராதா? எனக்கே வரும். அந்தப் படி நல்ல படி," என்றார். பிறகு கண்ணாடியைப் பார்த்து, இனிமேல் ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீ என்று சொல்லிக்கொண்டார். தோற்றுப்போன அரசியல்வாதி இவ்வளவு சந்தோஷமாக ஷேவ் செய்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் உங்களில் பலருக்குத் தெரிந்த அண்ணனைத் தந்தன. தமிழ்நாட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பிள்ளைகள், கண்டோன்மென்ட் கோயில்களைச் சுற்றியிருந்த குடும்பங்கள், கன்னட ஆசிரியர்கள் என்று எல்லாரும் அவரோடு நடந்தார்கள். இரண்டு மொழியிலும் மாற்றி மாற்றிப் பேசுவார், எங்கே மாறினார் என்றே தெரியாது. பழைய கட்டுரைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார். அதன் அச்சுப்படியை அவர் திருத்திய வேகத்தைப் பார்த்தால், பிழை திருத்தும் வேலையை அவர் எப்போதுமே விடவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் எந்த ஞாயிறும் அவர் கூட்டத்தைக் கங்கம்மா காலனிக்குள் அழைத்துப் போனதில்லை. மேட்டு ரோட்டில் நின்று கையால் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். கரகம் போலவே நீயும் அந்த இடத்தோடு திரும்பிவிடுகிறாய் என்று ஒரு முறை கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. மனதில் அது இருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தோல்வி அவரைத் தொடவில்லை. தான் தோண்டிய வழியில் தண்ணீர் போகிறதா, இல்லை படியை உடைத்ததுதான் மிச்சமா என்பது அவரை அரித்துக்கொண்டிருந்தது. பிறகு வந்த ஆண்டுகளிலோ மழை ஏமாற்றியது, தெருவை நனைத்ததோடு சரி.

இதயக் கோளாறு என்று தெரிந்து அண்ணனை மருத்துவமனையில் சேர்த்த அந்தப் பருவத்தில்தான் வானம் பொத்துக்கொண்டது. ஊரில் பாதி மிதந்தது. மருத்துவமனை வாசலிலேயே ஆட்டோக்கள் பாதி சக்கரம் முழுகி நின்றன. அண்ணனுக்குப் பேச்சு மெலிந்துவிட்டது. காலையில் கண் விழித்ததும் என்னைக் கூப்பிட்டு, காலனியில் தண்ணீர் ஏறியதா என்று கேட்டார். ஏறவில்லையாம் என்றேன். யாரோ நர்சு சொன்னதைக் கேட்டிருந்தேன்.

"நீ போய்ப் பார்த்தியா?"

எனக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது, முட்டி வலி வேறு. வேறு யார் கேட்டிருந்தாலும் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். அவரிடம் முடியாது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூன்று ஆட்டோ மாறி, கடைசித் தூரம் நடந்து போனேன். விவேக் நகர் பக்கம் ரோடே தெரியவில்லை. மேட்டு ரோட்டில் ஏறி நின்று கீழே பார்த்தேன்.

தெரு ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். வாசல்களில் கோலம் கலைந்திருந்தது. கால்வாயில் தண்ணீர் கரைபுரண்டு வந்து, விளக்குக் கம்பத்தருகே சத்தம் போட்டுக்கொண்டு மேட்டு ரோட்டின் அடியில் நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்தது. தனலட்சுமி புதிதாகக் கட்டிய படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் எழுந்தார். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டார், சொன்னேன்.

"எங்க அண்ணன்னு சொல்லிக்க எனக்கு வாய் இல்லக்கா. நேத்திலேருந்து இங்கியே குந்திக்கினு கீறேன். தண்ணி நிக்கல. போயிக்கினே கீது. போய்ச் சொல்லு அவருக்கு."

திரும்பிப் போய்ச் சொன்னேன். நனைந்த புடவையோடு கட்டிலருகே நின்று, "போய்ப் பார்த்தேன் அண்ணா. தண்ணி போயிட்டே இருக்கு," என்றேன். எங்கே நுழைகிறது என்று கேட்டார். கம்பத்தருகே என்றேன். மேஷ்ட்ரு சொன்ன இடம்தான் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை தேர்தலில் ஜெயித்த அன்றும் நான் பார்க்கவில்லை, புத்தகம் வந்த அன்றும் பார்க்கவில்லை. அந்த வாரமே அவர் நம்மை விட்டுப் போனார்.

இறுதி ஊர்வலம் மேட்டு ரோடு வழியாகத்தான் போக வேண்டும். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது எங்கள் வழக்கம். அண்ணியும் நானும் நிற்கவில்லை, மேட்டு ரோடு வரை நடந்தோம். அங்கே காலனி முழுவதும் காத்திருந்தது. பையன்கள் வண்டியை நிறுத்தி, அண்ணனைக் கீழே இறக்கி, விளக்குக் கம்பம் வரை தோளில் தூக்கிப் போனார்கள். தனலட்சுமி ஒரு குடம் தண்ணீரோடு வந்தார். அம்மனுக்கு மட்டுமே ஊற்றுகிற அந்த இடத்தில் குடத்தைக் கவிழ்த்தார். தண்ணீர் ரோட்டில் பரவி, சரிந்து, கால்வாய்க்குள் இறங்கிப் போய்விட்டது. அதுவரை அடக்கி வைத்திருந்த நான் அங்கேதான் வாய்விட்டு அழுதேன்.

நன்றி சொல்ல வேண்டிய கடமை மிச்சமிருக்கிறது. நடக்க முடியாத நிலையிலும் ஊன்றுகோலோடு வந்து கடைசிவரை நின்ற மேஷ்ட்ருவுக்கு; மருத்துவமனையில் அண்ணனின் கேள்விகளுக்குச் சளைக்காமல் பதில் சொன்ன மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்; இரவு பகல் பாராமல் உடனிருந்த அண்ணன் மகளுக்கும் மருமகனுக்கும்; தோள் கொடுத்த காலனிப் பிள்ளைகளுக்கும்; ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு நடந்த எல்லாருக்கும் அண்ணியும் நானும் கைகூப்புகிறோம். இந்த ஆடியிலும் கரகம் அதே இடத்தில்தான் நின்று திரும்பியது. அந்தக் கம்பத்துக்கு எதிரே தனலட்சுமி வீட்டுப் படியில் அண்ணன் படம் ஒன்று வைத்திருக்கிறார்கள், அதில் பூ இல்லாத நாள் இல்லை.

நான் எழுதியிருப்பதை நீங்கள் அப்படியே நம்ப வேண்டியதில்லை. அண்ணன் இருந்தால் நம்ப விடமாட்டார். அடுத்த பெருமழைக்கு மேட்டு ரோட்டுப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள்.